ரோமானியச் செப்புக்காசு கையில் எடுப்பவர்களுக்கு

நாணயக் கண்காட்சியில் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, இது என்ன விலை போகும்?" என்பதுதான். விலை சொல்ல அங்கேயே நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காசைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் சில சொற்கள் சொல்கிறேன். தங்கக்காசும் வெள்ளிக்காசும் இதில் வராது. ரோம் நகரத்துக் கடைத்தெருவில் ரொட்டியும் எண்ணெயும் வாங்கக் கைமாறிய வெண்கல, பித்தளை, செப்புக் காசுகள்தான் விஷயம். அரசாங்கம் ஊராரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அதிகம் பொறித்தது அவற்றில்தான்.

1. புளி போடாதீர்கள்.

குத்துவிளக்கைப் புளிபோட்டுத் துலக்கிப் பழகிய வீடு நம்முடையது. பச்சை ஏறிய காசைக் கண்டதும் கை அடுப்படிப் பக்கம் போகும். போகவிடாதீர்கள். எலுமிச்சம்பழம், உப்பு, பாலீஷ் திரவம் எதுவும் வேண்டாம். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்து அந்தக் காசின்மேல் ஒரு படலம் ஏறியிருக்கிறது. தேய்ந்த காசுகளில் எழுத்தின் விளிம்பு பல இடங்களில் அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. படலத்தை உரித்தால் பளபளவென்று ஒரு செப்புத் தகடு மிஞ்சும், படிக்க ஒன்றும் இருக்காது. மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, மூங்கில் பல்குச்சியால் மெல்ல நீக்குங்கள். ஒன்றுக்கு மட்டும் பயப்பட வேண்டும்: தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி. அது குளோரைடு அரிப்பு, காற்றில் ஈரம் இருந்தால் பரவிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காசை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

2. படத்தைப் பார்க்குமுன் நகைத்தராசில் வையுங்கள்.

கி.மு. 23-ஐ ஒட்டி அகஸ்டஸ் சிறுகாசுகளை ஒழுங்குபடுத்தினார். பித்தளையில் செஸ்டெர்டியஸ், டுபோண்டியஸ், செம்பில் அஸ். நாலு அஸ் கொடுத்தால் ஒரு செஸ்டெர்டியஸ். செஸ்டெர்டியஸ் 25 கிராமை ஒட்டிய கனத்த காசு, உள்ளங்கையில் வைத்தால் கை தாழும். டுபோண்டியஸும் அஸ்ஸும் அளவில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். புதிதாக இருந்தபோது பித்தளை மஞ்சளாகவும் செம்பு சிவப்பாகவும் இருந்ததால் கடைக்காரருக்குக் குழப்பம் வந்திருக்காது. நம் கைக்கு வரும்போது இரண்டும் பச்சை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நீரோ காலத்திலிருந்து, தலையில் கதிர்க்கிரீடம் இருந்தால் அது பெரும்பாலும் டுபோண்டியஸ், வாகைமாலை இருந்தால் அஸ். முழுக்க நம்பிவிடக் கூடாது, ஆனால் பத்தில் ஒன்பது தடவை வேலைக்கு ஆகும்.

நான்காம் நூற்றாண்டின் கடைசிக்கு வந்தால் பொட்டுக்காசுகள், ஒரு கிராம் சொச்சம்தான். எடையைக் குறித்துவைத்தால் எந்த நூற்றாண்டில் நிற்கிறீர்கள் என்பது ஓரளவு அப்போதே தெரிந்துவிடும்.

3. எழுத்தைக் கீழே இடப்பக்கத்திலிருந்து பிடியுங்கள்.

முன்பக்கத்தில் தலையைச் சுற்றி ஓடும் எழுத்து பெரும்பாலும் கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. 'யு' ஒலிக்கும் 'வி' எழுத்தே வரும், அதனால் அகஸ்டஸ் என்பது 'ஏ.வி.ஜி.' என்று நிற்கும். பேரரசரின் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். ஐ.எம்.பி. என்றால் படைத்தலைமை கொண்ட பேரரசர். சி.ஏ.இ.எஸ். சீசர். பி.எம். தலைமைப் பூசாரி. இரண்டு 'பி' சேர்ந்து நின்றால் நாட்டின் தந்தை. பிற்காலத்தில் டி.என். என்று தொடங்கினால் 'எங்கள் ஆண்டவர்'. முதல் நூற்றாண்டில் தன்னை முதல் குடிமகன் என்று சொல்லிக்கொண்ட பதவி மூன்று நூற்றாண்டுக்குள் எங்கே போய் நின்றது என்பதை அந்த இரண்டெழுத்தே சொல்லிவிடும்.

பின்பக்கத்தில் பெரிதாக எஸ்.சி. என்று இரண்டெழுத்து இருந்தால் 'செனட்டின் தீர்மானப்படி'. அகஸ்டஸ் தொடங்கி மூன்றாம் நூற்றாண்டு நடு வரைக்கும் செப்பு, பித்தளைக் காசுகளில் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். தீர்மானம் எதைப் பற்றியது, காசு அடிப்பதற்கா, காசில் காட்டிய சிறப்புக்கா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். நீங்கள் நடுவர் ஆக வேண்டாம்.

4. ஆண்டைக் காசே சொல்லும், கூட்டத் தெரிந்தால்.

ரோமானியக் காசில் தேதி கிடையாது என்று சொல்வார்கள். ஆனால் டி.ஆர்.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் எண் வந்தால் அது பேரரசர் வகித்த மக்கள் காவலர் அதிகாரத்துக்கு எத்தனையாவது ஆண்டு என்பதைக் காட்டும், ஆண்டுதோறும் ஒன்று கூடும். சி.ஓ.எஸ். எண், பேரரசர் எத்தனை தடவை கான்சல் என்ற உயர்பதவியில் இருந்தார் என்பது. அது ஒரு தடவை ஏறிவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஒரு காசை எடுத்துக்கொள்வோம். அந்தோனினஸ் பயஸின் அஸ். தாடி வைத்த முகம், வாகைமாலை. முழுத்தாடியை ஹேட்ரியன் வழக்கமாக்கிய பிறகு வந்த தலைமுறை என்பது முகத்திலேயே தெரிகிறது. பின்பக்கத்தில் பாறைமேல் ஒரு பெண், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கேடயமும் படைக்கொடியும். சுற்றிலும் 'பிரித்தானியா', பிறகு சி.ஓ.எஸ். நான்கு, கூடவே எஸ்.சி. நான்காவது கான்சல் பதவி கி.பி. 145-இல் வந்தது, சாகும்வரை ஐந்தாவது வரவில்லை. ஆக அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 145 முதல் 161 வரை எங்கும் போகலாம். முன்பக்கத்தைத் திருப்புங்கள். டி.ஆர்.பி. பதினெட்டு. அது 154 டிசம்பரிலிருந்து 155 டிசம்பர் வரை. பதினாறு ஆண்டுக் குழப்பம் ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிட்டது.

இந்தக் காசு அதிகம் கிடைப்பது பிரிட்டனில்தான். ஹேட்ரியன் சுவரை ஒட்டி காராபரோவில் கொவென்டினா என்னும் நீர்த்தேவதையின் கேணியை 1876-இல் தோண்டியபோது வந்த ஆயிரக்கணக்கான காசுகளில் இந்த வகை மட்டும் முந்நூறுக்கு மேல். அந்தத் தீவில் செலவாகவென்றே அடித்தது என்று பலர் கருதுவதற்கு அது ஒரு காரணம். அந்தப் பெண் தோற்றுச் சோர்ந்தவளா, எல்லையில் காவலிருப்பவளா என்பதில் இரு கட்சி உண்டு. எனக்கு முதல் கட்சிதான் சரியாகப்படுகிறது. ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவள் கை அதில் இல்லை. 1672-இல் இங்கிலாந்தின் செப்புக்காசுகளில் ஏறிய பிரித்தானியாவும் இவள் வம்சம்தான். அங்கே கையில் வேலைக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டார்கள்.

5. தேவியின் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.

கோயில் தூணில் சிற்பத்தின் முகம் சிதைந்துபோனாலும் கையில் சங்கா, சூலமா என்று பார்த்துச் சாமியைச் சொல்லிவிடுவோம். அதே பழக்கம் இங்கே உதவும். நின்றுகொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே சாயல்தான். தராசு இருந்தால் நேர்மை அல்லது நாணயச்சாலைத் தேவி மொனேட்டா. கப்பல் சுக்கான் இருந்தால் ஃபோர்ச்சூனா, அதிர்ஷ்டத்துக்குரியவள். ஒலிவக் கிளை, சமாதானம். பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டினால் ஆரோக்கியம். தானியக்கதிரும் மரக்காலும் என்றால் அன்னோனா, ரோம் நகருக்கு வந்துசேரும் தானியத்தின் தேவி. ஒரு கையில் பூவும் மறுகையில் தூக்கிய முந்தானையும் என்றால் நம்பிக்கை. இறகு இருந்தால் வெற்றி. நாடுகளுக்கும் அடையாளம் உண்டு: பேரீச்சை மரத்தடியில் அழுதிருப்பவள் யூதேயா, யானைத்தோலைத் தலையில் போட்டவள் ஆப்பிரிக்கா.

இவர்களில் அன்னோனாவிடம் கொஞ்சம் நில்லுங்கள். அவள் காலடியில் அல்லது பின்னால் ஒரு கப்பல் முகப்பு எட்டிப்பார்க்கும். ரோம் நகரம் சாப்பிட்டது எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த தானியத்தை. அது தாமதித்தால் தெருவில் கலவரம். கப்பல் வந்துவிட்டது என்று ஊராருக்குச் சொல்ல ஊரார் கையில் புழங்கும் காசைவிடத் தோதான இடம் ஏது?

6. காசு சொல்வதை நடந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி இதுதான். காசில் இருப்பது அரசாங்கத்தின் பேச்சு. அதில் உண்மையும் உண்டு, ஆசையும் உண்டு, பயமும் உண்டு.

நீரோவின் செஸ்டெர்டியஸ் ஒன்றில் ஜேனஸ் கோயில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாத்திய இரட்டைக் கதவு, கதவுக்கு மேலே தொங்கும் மாலை, பக்கச்சுவரில் கல் அடுக்கிய வரிகள், மேலே வலைப்பின்னல் சன்னல் எல்லாம் தெரியும். சுற்றி ஓடும் எழுத்து, ரோமானிய மக்களுக்கு நிலத்திலும் கடலிலும் அமைதி ஈட்டித் தந்து ஜேனஸின் கதவை மூடினார் என்கிறது. போர் இல்லாத காலத்தில் மட்டும் மூடும் கதவு அது. காசு வந்த அதே காலத்தில், கி.பி. 66-இல், யூதேயாவில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. 68-இல் நீரோவே இல்லை. செய்தி அப்படிப் போயிற்று. படம் மட்டும் நமக்கு லாபம்: அந்தக் கோயில் இன்று இல்லை, அது எப்படி இருந்தது என்று பார்க்க இந்தக் காசுகளைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அதே நீரோ ஒஸ்தியாத் துறைமுகத்தையும் காசில் போட்டார். பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் வளைந்த அலைதாங்கிகள், நடுவே கப்பல்கள், கீழே சாய்ந்து கிடக்கும் ஒரு தேவன். அச்சுக்கு அச்சு கப்பல் எண்ணிக்கை மாறும், எண்ணிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. துறைமுகத்தைத் தொடங்கியவர் கிளாடியஸ். நாடா வெட்டியவர் பெயர்தான் பலகையில் நிற்கும் என்பது நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை.

இன்னொன்று நெர்வா. 96-இல் பதவிக்கு வந்த முதியவர். இரண்டு கைகள் பற்றிக்கொண்டிருக்கும் படம், 'படைகளின் ஒற்றுமை' என்ற எழுத்து. 97-இல் அவருடைய மெய்க்காவல் படையே அரண்மனையில் புகுந்து அவரை மிரட்டியது. ஒற்றுமை, விசுவாசம், பாதுகாப்பு என்று காசு உரக்கப் பேசும் ஆண்டுகளில் அந்தந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடு இருந்ததா என்று வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். எப்போதும் இராது. அடிக்கடி இருக்கும்.

7. ஓர் எழுத்து கூடினாலும் விடாதீர்கள்.

ஏ.வி.ஜி. என்றால் ஒரு பேரரசர். 'ஜி' இரண்டு வந்தால் இருவர், மூன்று வந்தால் மூவர். கராசியஸ் கதையை இதற்காகச் சொல்வேன். 286-இல் பிரிட்டனைப் பிடித்துக்கொண்டு தன்னையே பேரரசராக அறிவித்த கடற்படைத் தளபதி. அவர் காசுகள் சிலவற்றில் 'சமாதானம்', கூடவே மூன்று 'ஜி'. டயோக்ளீஷியன், மேக்சிமியன், நான், மூவரும் சமம் என்பது அதற்குப் பொருள். இன்னும் துணிந்து, மூன்று முகங்களை வரிசையாகப் பொறித்து 'கராசியஸும் அவர் சகோதரர்களும்' என்று எழுதிய காசும் உண்டு. அந்தச் சகோதரர்கள் தங்கள் காசில் ஒரு தடவைகூட அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 293-இல் படை அனுப்பி அவரிடமிருந்து பூலோன் துறைமுகத்தைப் பிடுங்கினார்கள். அதே ஆண்டு அவருடைய ஆளே அவரைக் கொன்றார்.

அவருடைய வெண்கலப் பதக்கம் ஒன்றில் ஐ.என்.பி.சி.டி.ஏ. என்று ஆறெழுத்து. வெகுகாலம் எவருக்கும் பிடிபடவில்லை. 1990களில்தான் கை த லா பெதோயர் என்ற வரலாற்றாளர், அவை வர்ஜிலின் நான்காம் ஆயர்பாட்டில் வரும் ஓர் அடியின் முதலெழுத்துகள் என்று காட்டினார். புரியாத எழுத்தைக் கண்டதும் 'அச்சு வெட்டியவன் தப்பு' என்று எழுதி மூடிவிடாதீர்கள். தப்பும் உண்டு, ஆனால் அது கடைசி விளக்கமாக இருக்கட்டும்.

8. வெட்டுக்காயத்தைக் குறை என்று ஒதுக்காதீர்கள்.

அரசாங்கம் ஒன்று சொல்லி அனுப்பிய காசில் அதற்குப் பிறகு மனிதர்கள் செய்தது வெட்டிலும் முத்திரையிலும்தான் தெரியும். ஸ்பெயினில் பில்பிலிஸ் ஊர் 31-இல் அடித்த செப்புக்காசில் திபேரியஸோடு கான்சலாக இருந்த செஜானஸின் பெயர் இருந்தது. அவர் வீழ்ந்ததும் சில காசுகளில் அந்தப் பெயரை மட்டும் உளியால் மழுக்கியிருக்கிறார்கள். சின்ன ஆசியாவில் ஸ்ட்ராடோனிகேயாவின் பெரிய வெண்கலக்காசுகளில் கரகல்லாவும் தம்பி கேட்டாவும் எதிரெதிரே. 211-இல் அண்ணன் தம்பியைக் கொன்ற பிறகு கேட்டாவின் முகம் இருந்த இடம் வழித்தெடுத்த குழி. கலிகுலா கொலையுண்டபின் அவர் முகம் போட்ட வெண்கலக்காசுகளை உருக்க செனட் முடிவெடுத்தது என்று காசியஸ் தியோ எழுதுகிறார். அந்த உலோகத்தில் பேரரசி மெஸ்ஸலினா தனக்குப் பிடித்த நடிகனுக்குச் சிலை வைத்தாளாம். உருக்கியும் தப்பித்துவந்த கலிகுலா காசுகள் இன்றும் நிறைய இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

9. அடிக்கோட்டுக்குக் கீழேயும் பாருங்கள்.

மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து பின்பக்கப் படத்தின் அடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே சில எழுத்து. அது எந்த ஊர் அச்சுச்சாலை, அதில் எந்தப் பட்டறை என்பது. ஏ.என்.டி. அந்தியோக்கியா, ஏ.எல்.இ. அலெக்சாந்திரியா, எஸ்.ஐ.எஸ். இன்றைய குரோஷியாவின் சீசக், டி.ஆர். ஜெர்மனியின் ட்ரியர். தடுக்கி விழும் இடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். சி.ஓ.என்.எஸ். என்றால் கான்ஸ்டான்டிநோபிள். ஆனால் பிரான்ஸின் ஆர்ல் நகரமும் கான்ஸ்டன்டைன் காலத்தில் பெயர் மாறி, சி.ஓ.என்.எஸ்.டி. என்று போட்டது. பட்டறை எழுத்து முன்னால் நின்றால் பெரும்பாலும் ஆர்ல், பின்னால் நின்றால் கான்ஸ்டான்டிநோபிள்.

10. நம் ஆற்றில் கிடைப்பது வேறு காலத்துக் காசு.

முதலிரண்டு நூற்றாண்டுகளில் மிளகுக்கும் மணிகளுக்கும் இங்கே வந்தது பெரும்பாலும் தங்கமும் வெள்ளியும்தான். செப்புக்காசு திரளாக வந்தது நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளில். கரூர் அமராவதி மணலிலும் மதுரைப் பக்கத்திலும் கிடைத்தவற்றை வைத்து தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் தனி நூலே வெளியிட்டார். இலங்கையில் இன்னும் அதிகம். அங்கே அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த போலிக்காசுகளும் கலந்திருக்கும், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.

இந்தக் காலத்துக் காசு படிக்க 348-இல் வந்த வரிசையிலிருந்து தொடங்குங்கள். 'நற்காலம் திரும்பியது' என்ற எழுத்து. ஒரு போர்வீரன் கேடயத்தோடு முன்னேறி, குதிரையோடு சரிந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறான். சரிந்தவன் சில அச்சுகளில் கையைப் பின்னால் நீட்டுவான், சிலவற்றில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். வகை பிரிக்க அதைத்தான் பார்க்க வேண்டும். வந்தபோது 5 கிராமை ஒட்டி இருந்த காசு பத்தாண்டுக்குள் பாதி எடைக்கு இறங்கிவிட்டது. எழுத்து மட்டும் மாறவில்லை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், நாட்டுக்கு வெளியே நீங்கள் அனுப்ப முடியாது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆற்றோரத்தில் ஒருவர் பொட்டலம் நீட்டினால் 'எங்கே கிடைத்தது' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

11. இரட்டைப் பிள்ளைகள் வந்தால் இருவரையும் சந்தேகியுங்கள்.

ஒரே அச்சில் இரண்டு காசு வரலாம். ஒரே இடத்தில் ஒரே தேய்மானம், ஒரே கீறல், ஒரே விளிம்புப் பிளவு இரண்டுக்கும் வராது. வந்தால் வார்ப்பு. விளிம்பைச் சுற்றி அரம் பட்ட தடம், சோப்புபோல் வழவழக்கும் எழுத்து, ஊசிமுனைக் குழிகள், இவையும் வார்ப்பின் அடையாளம். இன்னொரு தந்திரம் உண்மையான தேய்ந்த செஸ்டெர்டியஸில் இன்றைய உளியால் முடியும் மடிப்பும் செதுக்கிவிடுவது. அது போலிகூட இல்லை, கெடுத்த காசு. பழைய போலிக்கு மரியாதை உண்டு: 16-ஆம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவினோ செஸ்டெர்டியஸ் மாதிரியில் செய்தவற்றைச் சேகரிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள்.

12. கண்ட எழுத்து வேறு, ஊகித்த எழுத்து வேறு.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்னக் காகித உறை. அதன்மேல் எடை, குறுக்களவு, இரண்டு பக்கப் படமும் எந்த மணித்திசையில் நிற்கின்றன என்பது. எழுத்தை நீங்கள் பார்த்தபடியே எழுதுங்கள். தேய்ந்துபோன எழுத்துக்குப் புள்ளி. எத்தனை எழுத்து போயிருக்கும் என்று தோன்றுகிறதோ அத்தனை புள்ளி. பட்டியல் நூலைப் பார்த்து நிரப்பியதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பட்டியல் நூல் என்றால் 1923-இல் தொடங்கிப் பத்துத் தொகுதியாக வந்த 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்'. உறைமேல் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். அடுத்த ஆண்டு சாய்வெளிச்சத்தில் பார்க்கும்போது ஒரு புள்ளி எழுத்தாக மாறும், அடைப்புக்குறிக்குள் போட்டது ஒன்று அழிபடும்.